உறைந்த கடலோரம் ஒரு பச்சை டிராம்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஹெல்சிங்கியில் காலை 8 மணிக்கும் வானம் கறுத்தே கிடக்கும். சூரியன் தலைகாட்ட 9.24 ஆகிவிடும். பிற்பகல் 3.13-க்கெல்லாம் இறங்கிவிடும். இடைப்பட்ட ஆறு மணி நேரத்துக்கும் குறைவான பகலில்கூட, உச்சிப்பொழுதில் அது அடிவானத்திலிருந்து ஏழு பாகை எழுவதில்லை. வீட்டுக் கூரைகளை உரசிக்கொண்டே வந்து, உரசிக்கொண்டே போய்விடும். மேகம் மூடிய நாட்களில் அதுவும் கிடையாது.

அந்த இருட்டில்தான் ஊர் வேலைக்குக் கிளம்புகிறது. தெருவோரங்களில் பனியை ஒதுக்கிக் குவித்திருப்பார்கள். நடைபாதையில் வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் தூவியிருக்கும். காலடியில் நறநறவென்று அரைபடும். தலைமுதல் கால்வரை போர்த்திய மனிதர்கள் நிறுத்தத்தில் தள்ளித் தள்ளி நிற்பார்கள். தெருமுனையில் ஒரு விளக்கு திரும்பும். பச்சையும் பாலேட்டு நிறமும் பூசிய டிராம், பனி அமுக்கிய ஓசையோடு வந்து நிற்கும். கதவு திறந்ததும் உள்ளிருக்கும் வெதுவெதுப்பு முகத்தில் படும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு அடுத்த ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. அவ்வளவு ஆவி படிந்துவிடும்.

பின்லாந்தின் தலைநகரைப் பார்க்க உலகம் கோடையில்தான் போகிறது. இரவு பத்து மணிக்கும் வெயில், திறந்தவெளி உணவகங்கள், தீவுகளுக்குப் படகு. எல்லாம் அழகுதான். ஆனால் இந்த நகரம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பனிக்காலத்தில் போக வேண்டும், அதுவும் டிராமில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சுற்றுலாப் பேருந்தின் கண்ணாடி வழியாகக் கட்டடங்கள் தெரியும். டிராமில் உட்கார்ந்தால் ஊரே பக்கத்து இருக்கையில் வந்து உட்காரும். பள்ளிப்பிள்ளை, பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்த இளைஞர், சந்தைப் பையோடு பாட்டி, குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தகப்பன். தள்ளுவண்டிக் குழந்தையோடு ஏறுகிற பெரியவருக்கு டிராமில் கட்டணம் கிடையாது. குழந்தையை விட்டுவிட்டு டிக்கெட் எடுக்கப் போகவேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது என்று ஒரு நகரம் நினைப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

தப்பிப் பிழைத்த தண்டவாளம்

ஹெல்சிங்கியில் முதலில் குதிரைகள்தான் டிராமை இழுத்தன. 1891-ல் முறையான சேவை தொடங்கியது. 1900-ல் மின்சாரம் வந்தது. நம் சென்னை இதில் அவர்களுக்கு மூத்தது: 1895-லேயே மதராஸ் தெருக்களில் மின்சார டிராம் ஓடிவிட்டது, இந்தியாவிலேயே முதலாவதாக. 1953-ல் அது நின்றுபோனது. தண்டவாளங்களைப் பார்த்த தலைமுறையும் அநேகமாகப் போய்விட்டது.

ஹெல்சிங்கியிலும் அதே காற்று வீசத்தான் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பா முழுக்கக் கார் பெருகியது; டிராம் பழைய காலத்து இடைஞ்சல் என்ற பேச்சு எழுந்தது. பின்லாந்தின் பழைய தலைநகரான துர்க்கு, தன் டிராம்களை 1972-ல் நிறுத்தியது. ஹெல்சிங்கிக்கு 1968-ல் ஒரு போக்குவரத்துத் திட்டம் தீட்டினார்கள். ஸ்மித் - போல்வினன் திட்டம் என்று பெயர். நகரின் நடுவே பெரிய விரைவுச்சாலைகளை ஓடவிடுவது அதன் சாரம். அது நடந்திருந்தால் இன்று நாம் நடந்து பார்க்கிற பல தெருக்கள் மேம்பாலங்களுக்கு அடியில் போயிருக்கும். நல்லவேளை, காகிதத்தோடு நின்றது. டிராம் பிழைத்தது. இப்போது நாட்டின் மற்ற ஊர்களும் அந்த வழிக்குத் திரும்புகின்றன: தம்பரே நகரம் 2021-ல் புதிதாக டிராம் விட்டது. ஹெல்சிங்கியிலேயே 2023 அக்டோபரில், பக்கத்து நகரமான எஸ்போவையும் கிழக்குப் புறநகரையும் இணைக்கும் 25 கிலோமீட்டர் நீள இலகு ரயில் தடம் திறக்கப்பட்டது. கடலுக்கு மேலே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு பாலம் எழுப்பியிருக்கிறார்கள். டிராமுக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும். காருக்கு அதில் இடமே இல்லை.

பனியோடு நடக்கும் மல்லுக்கட்டு

இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், நடுவே பனிக்கட்டி. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் வண்டி ஓட்டுவது எப்படி? என்னைக் கேட்டால், கதீட்ரலையும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறையாத காட்சி இது.

தெருவில் பதித்த டிராம் தண்டவாளத்தின் தலையில் ஒரு பள்ளம் ஓடும். சக்கரத்தின் விளிம்பு அதற்குள்தான் உருள வேண்டும். பனி விழுந்தால் முதலில் நிரம்புவது அந்தப் பள்ளம். கார்களின் டயர்கள் அதன்மேல் ஏறி ஏறி அழுத்த, பனி கல்லாக இறுகிவிடும். சக்கரம் அதன்மேல் ஏறினால் தடம் புரளும் ஆபத்து. அதனால் பனி கொட்டும் இரவுகளில், ஊர் தூங்கும் நேரத்தில், சுழலும் பெரிய தூரிகைகள் கொண்ட பணிவண்டிகள் பாதை நெடுகிலும் போய்ப் பள்ளத்தைச் சுத்தம் செய்கின்றன. விடிகாலையில் முதல் டிராம் வழுக்காமல் வருகிறதென்றால், பின்னால் ஒரு முழு இரவின் உழைப்பு இருக்கிறது.

ஒரு தடம் இரண்டாகப் பிரியும் பாயின்ட் இன்னும் நுட்பமான இடம். நகர வேண்டிய நாக்குக் கம்பிக்கும் நிலையான கம்பிக்கும் நடுவே ஒரு விரல்கடைப் பனி சிக்கினாலும் டிராம் தப்பான தெருவுக்குப் போய்விடும், அல்லது நடுவில் மாட்டிக்கொள்ளும். அதற்காகப் பாயின்ட்களுக்கு மின்சாரச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் வெள்ளையாகக் கிடக்கும் தெருவில் ஓரிடத்தில் மட்டும் ஈரக் கருமையாகத் தண்டவாளம் தெரிந்தால், அது அந்தச் சூட்டின் வேலை.

அடுத்தது மணல். ஹெல்சிங்கி மேடும் பள்ளமுமான ஊர். பாறைமேல் எழுந்த நகரம். வழுக்கும் மேட்டில் டிராம் ஏறும்போதும், சரிவில் நிற்கும்போதும், சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் உலர்ந்த மணல் ஒரு கோடாக விழுகிறது. அதைத் தூவும் கருவி வண்டிக்கு அடியில் இருக்கிறது. மணல் ஈரம்பட்டால் கட்டிதட்டும். ஆகவே உலர்வாக வைத்திருப்பதும், தீரத் தீரப் பணிமனையில் நிரப்புவதும் தினசரி வேலை. அவசரத்தில் நிறுத்த வேண்டியிருந்தால் தண்டவாளத்தையே கவ்விப்பிடிக்கும் மின்காந்தத் தடையும் உண்டு. அப்படியும் பேருந்தைப் போல் சட்டென்று நிற்க டிராமால் முடியாது. பின்லாந்தில் பாதசாரிகள் கடக்கும் கோட்டுப்பாதையிலும் டிராமுக்குத்தான் வழிவிட வேண்டும். பயணம் போகிறவர்கள் இதை மனதில் இருத்திக்கொள்வது உயிருக்கு நல்லது.

தலைக்குமேலே ஓடும் மின்கம்பியையும் குளிர் விடுவதில்லை. ஈரப்பதம் மிகுந்த இரவில் கம்பியில் உறைபனி படிந்துவிடும். காலையில் வரும் டிராமின் கூரைமேல் நிற்கும் பேண்டோகிராஃப் அந்தப் பனியை உரசும்போது நீலமும் பச்சையுமாகப் பொறி பறக்கும். இருண்ட தெருவில், வெண்பனியின்மேல் அந்த ஒளி ஒரு கணம் தெறித்து மறைவது கோடையில் காணக்கிடைக்காத காட்சி.

இத்தனை ஏற்பாட்டையும் மீறி டிராமை நிறுத்திவிடுவது பெரும்பாலும் பனி அல்ல, கார். ஒதுக்கிய பனி ஓரத்தில் குவியக் குவியத் தெரு குறுகுகிறது. காரை ஓரமாகத்தான் நிறுத்தினேன் என்று நினைத்துப் போய்விடுகிறார் ஒருவர். அவர் காரின் பின்பக்கம் ஒரு சாண் அளவு தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பேருந்து விலகிப் போகும். டிராம் எங்கே விலகும்? ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், இழுவை வண்டி வரும்வரை. கடும்பனி பெய்யும் ஆண்டுகளில் ஹெல்சிங்கியின் நாளிதழ்களில் இது திரும்பத் திரும்ப வரும் செய்தி. நூறு பேரின் நேரத்தை ஒருவரின் கவனக்குறைவு தின்றுவிடுவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

வண்டிகளும் இந்த ஊருக்கென்றே செய்யப்பட வேண்டியிருந்தது. இங்கே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் ஒரு மீட்டர்தான். வளைவுகள் மிகக் குறுகலானவை. 1990-களின் கடைசியில் வாங்கிய தாழ்தள வண்டிகளில் போகிகள் (அடியிலுள்ள சக்கரத் தொகுதிகள்) தனியாகத் திரும்பாத அமைப்பு. ஹெல்சிங்கியின் வளைவுகளில் அவை திணறின, பழுதுக்கு மேல் பழுது. கடைசியில் ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் இன்று ஓடும் ஆர்ட்டிக் வகை. பின்லாந்தின் கயானி பகுதியில், ஓத்தன்மாக்கி என்ற சிற்றூரின் தொழிற்சாலையில் செய்தது. முதல் இரண்டு வண்டிகளை 2013-ல் தெருவில் விட்டுச் சோதித்த பிறகே மற்றவற்றைச் செய்தார்கள். போகிகள் வளைவுக்கேற்பத் திரும்பும். தளம் முழுக்கத் தாழ்வு. பனிக்குவியலைத் தாண்டி வரும் முதியவர் படியேற வேண்டியதில்லை.

ஜன்னலோரப் பயணம்

எந்த எண்ணில் ஏறுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் 2. முன்பு 3டி, 3பி என்று இரு எண்கள் நகரத்தை எட்டு வடிவத்தில் சுற்றிவந்தன; சுற்றுலாக் கையேடுகளெல்லாம் அவற்றைப் புகழ்ந்தன. இன்று அந்த வேலையைப் பெருமளவு 2-ம் 3-ம் பார்க்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் ஒலிம்பியா முனையம். 1952 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய கப்பல் முனையம் அது.

அங்கே ஏறி வடக்கே வந்தால் வலப்பக்கம் தெற்குத் துறைமுகம். பால்டிக் கடலில் உப்பு குறைவு. பின்லாந்து வளைகுடாவுக்கு ஆழமும் அதிகமில்லை. ஆகவே கடுங்குளிர் ஆண்டுகளில் கடல் உறைந்து வெள்ளைத் தரையாகிவிடும். அதன் நடுவே கப்பல் கிழித்துப்போன கறுப்புத் தடம் தெரியும். கரையில் சந்தைச் சதுக்கம். கோடையில் இங்கே பழமும் மீனும் பூவும் குவியும். குளிரில் கடைகள் சுருங்கி, சூடேற்றிய கூடாரங்களில் காப்பி விற்கும். பக்கத்திலேயே 1889-ல் திறந்த பழைய சந்தைக் கூடம். செங்கல் கட்டடம், உள்ளே மரத்தாலான கடைகள். சால்மன் மீனும் உருளைக்கிழங்கும் பாலேடும் சேர்த்த சூப் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு மறுபடி டிராம் ஏறலாம்.

சந்தைக்குப் பின்னால் செனட் சதுக்கம். இங்கே ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்வீடனின் கீழிருந்த பின்லாந்து 1809-ல் ரஷ்யப் பேரரசுக்குக் கைமாறியது. 1812-ல் தலைநகரைத் துர்க்குவிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாற்றினார் ஜார். பெர்லினில் பிறந்த கார்ல் லுட்விக் ஏங்கல் என்ற கட்டடக் கலைஞர் புதிய தலைநகருக்கு முகம் கொடுத்தார். மேட்டின்மேல் நிற்கும் வெள்ளைக் கதீட்ரல் அவருடையது. 1830-ல் தொடங்கி 1852-ல் முடிந்தது. முடிந்ததைப் பார்க்க அவர் உயிரோடில்லை. கூரை விளிம்பில் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் துத்தநாகச் சிலைகளாக நிற்கிறார்கள், பனியைத் தோளில் தாங்கி. வெண்பனி மூடிய படிகள், வெள்ளைச் சுவர், சாம்பல் வானம். எங்கே கல் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று கண் தடுமாறும். சதுக்கத்தின் நடுவில் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரின் சிலை. ஒரு சுதந்திர நாட்டின் தலைநகர நடுவில் பழைய ஆட்சியாளரின் சிலை ஏன் நிற்கிறது என்று வியப்பு வரும். பின்லாந்தின் தன்னாட்சிக்கு இடம்கொடுத்தவர் அவர். அவருக்குப் பின்வந்தவர்கள் அதைப் பறிக்க முயன்றபோது, மக்கள் இந்தச் சிலையின் காலடியில் மலர் வைத்துத் தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள்.

டிசம்பரில் இதே சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை கூடும். ஜனவரியில், இருட்டு நெஞ்சை அழுத்தும் நாட்களில், நகரமே லக்ஸ் ஹெல்சிங்கி என்ற ஒளி விழாவை நடத்துகிறது. கட்டடங்களின்மேல் வண்ண ஒளி ஓடும். இருட்டைப் பற்றிப் புலம்பாமல் அதையே திரையாக்கிக்கொள்ளும் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அலெக்சாந்தர் தெரு வழியாக டிராம் மேற்கே போகிறது. இங்கே நடைபாதையில் பனியே இல்லாததைக் கவனிக்கலாம். நகர் மையத்தின் சில தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, வீடுகளைச் சூடாக்கித் திரும்பும் வெந்நீரின் மிச்சச் சூட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். பனி விழ விழ உருகிவிடும்.

சற்று வடக்கே ரயில் நிலையம். எலியெல் சாரினன் வடிவமைத்துக் கருங்கல்லில் எழுந்து 1919-ல் திறக்கப்பட்டது. வாசலின் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு கல் மனிதர்கள் உருண்டை விளக்குகளை ஏந்தி நிற்கிறார்கள். எமில் விக்ஸ்ட்ரோம் செதுக்கியவை. மதியம் மூன்றுக்கே அந்த விளக்குகள் எரிவதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம்.

நிலையத்துக்குப் பின்னால் நடக்கிற தூரத்தில் ‘ஓடி’ என்ற மத்திய நூலகம். நாடு சுதந்திரம் பெற்று நூறாண்டு நிறைந்ததற்கு மக்களுக்குத் தரப்பட்ட பரிசு. 2018 டிசம்பர் 5 அன்று, சுதந்திர தினத்தின் முந்தைய நாள், திறந்தார்கள். நாடாளுமன்றத்துக்கு நேரெதிரே நிற்கிறது. மேல்மாடியில் புத்தகங்கள், கண்ணாடிச் சுவர், உள்ளேயே மரங்கள். நடுமாடியில் தையல் இயந்திரமும் இசைக்கருவியும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். வெளியே மைனஸ் பத்து இருக்கும்போது, பணம் கேட்காமல் நாள் முழுக்க உட்காரவிடும் ஒரு வெதுவெதுப்பான கூடம் எவ்வளவு பெரிய கொடை என்பது அங்கே குளிரில் நின்றவருக்குத்தான் புரியும்.

காம்பி வழியாக டிராம் தோலோ பகுதிக்குத் திரும்புகிறது. சம்மோன்காது நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் டெம்பெலியாவுகியோ தேவாலயம். வெளியே ஒரு பாறை மேடு, அதன்மேல் பனி, நடுவே தாழ்ந்த ஒரு செம்புக் கூரை; வேறொன்றும் தெரியாது. உள்ளே போனால் பாறையைக் குடைந்த வட்டக் கூடம். டிமோ, துவோமோ சுவோமலைனன் என்ற சகோதரர்கள் வடிவமைத்து 1969-ல் முடித்தது. சுவர், வெட்டிய பாறை அப்படியே. கூரையின் உட்புறம் முழுக்கச் செம்புப் பட்டை. கூரைக்கும் பாறைக்கும் நடுவே சுற்றிலும் கண்ணாடி. குளிர்காலத்தின் அந்தச் சாய்ந்த வெளிச்சம் அதன்வழி இறங்கும். பாறைச் சுவரில் ஒலி நன்றாகத் தங்குவதால் இங்கே கச்சேரிகள் நடக்கின்றன.

இன்னும் சில நிறுத்தங்கள் தாண்டி மேற்கே கடலோரம் நடந்தால் சிபெலியஸ் நினைவுச் சின்னம். எய்லா ஹில்துனன் என்ற சிற்பி அறுநூறுக்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து 1967-ல் எழுப்பினார். இசைமேதைக்குச் சிலை என்றால் அவர் முகம் வேண்டாமா என்று அன்று பெரிய சர்ச்சை. முகம் ஒன்றைப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொடுத்தார். குழாய்களின் அடியில் நின்று காற்றைக் கேட்க வேண்டும். அருகில் கரையோரத்தில் ரெகட்டா என்ற சிவப்புக் குடிசைக் காப்பிக்கடை. ஏலக்காய் சேர்த்த மாவில் பட்டையும் சர்க்கரையும் சுருட்டிச் சுட்ட ரொட்டி தருவார்கள். பின்லாந்தின் இனிப்பு ரொட்டிக்கு ஏலக்காய் இல்லாமல் ஆகாது. உறைந்த கடலோரத்தில் அந்த மணம் நம் ஊர்க்காரரைத் தடுத்து நிறுத்திவிடும். காப்பி மட்டும் நம் ரசனைக்கு மிக மெல்லியது; கொட்டையை லேசாகவே வறுக்கிறார்கள். ஆனால் தலைக்கு இவ்வளவு காப்பி குடிக்கும் நாடு உலகில் அரிது.

தோலோவிலேயே ஒலிம்பிக் மைதானம். வெள்ளைக் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர், 1932 ஒலிம்பிக்கில் மத்தி யார்வினன் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தூரம் அது. 1940-க்காகக் கட்டியது, போரினால் 1952-ல்தான் ஒலிம்பிக் கண்டது. அந்த ஒலிம்பிக் நமக்கும் முக்கியமானது. மைதானத்தை அடுத்த பொருட்காட்சிக் கூடத்தில்தான் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர்ப் பதக்கம். அந்தக் கூடம் இன்றும் விளையாட்டுக் கூடமாகவே இருக்கிறது. நகரின் வடக்கே காப்புலாவில் உள்ள சைக்கிள் பந்தயத் திடலில் இந்திய ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றது. பல்பீர் சிங் மட்டும் ஐந்து கோல். அந்த அணியில் நம் சென்னையின் கோல்கீப்பர் ரங்கநாதன் பிரான்சிஸும் இருந்தார். பனி மூடிய அந்தத் திடலின் பக்கம் போகிற தமிழர், ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

மேட்டுத் தெருவும் கப்பல்துறையும்

3-ம் எண் கல்லியோ பகுதிக்கு ஏறும். ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மேடு. உச்சியில் 1912-ல் கட்டிய கருங்கல் தேவாலயம். அதன் மணியோசைக்கு மெட்டமைத்தவர் சிபெலியஸ். கொஞ்சம் தள்ளி கோத்திஹர்யு பொதுச் சாவ்னா, 1928 முதல் இயங்குவது, இன்றும் விறகில் சூடேறுவது. வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்தவை இத்தகைய இடங்கள். உள்ளே வெந்து, மூச்சுவாங்க, துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவோரம் வந்து உட்காருவார்கள். சுற்றிலும் பனி, உடம்பிலிருந்து ஆவி பறக்கும். டிராமில் போகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

4-ம் எண்ணின் கிழக்குக் கோடி கதயனொக்கா. வழியில் பாறைமேல் உஸ்பென்ஸ்கி கதீட்ரல், சிவப்புச் செங்கல்லும் தங்கக் கும்பங்களுமாக. தீபகற்பத்தின் மறுகரையில் பனியுடைப்புக் கப்பல்களின் துறை. கோடையில் அவை வரிசையாக ஓய்வெடுக்கும். குளிர்காலத்தில் துறை வெறிச்சோடிக் கிடக்கும். கப்பல்களெல்லாம் வடக்கே கடலைத் திறந்துவைக்கும் பணியில். தன் எல்லாத் துறைமுகங்களும் உறைந்துவிடக்கூடிய நாட்டுக்கு அவைதான் உயிர்நாடி. அதே 4-ல் எதிர்க் கோடிக்குப் போனால் முன்கினியெமி. அங்கே கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ தனக்காகக் கட்டிக்கொண்ட 1936-ம் ஆண்டு வீட்டைப் பார்க்கலாம். எளிமையான வீடு. பெரிய ஜன்னல்கள் எப்படிக் குளிர்கால வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேகரிக்கின்றன என்று பார்க்கவே அங்கே போக வேண்டும்.

இந்தப் பனி நிரந்தரம் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. 2019-20 குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் பனி தங்கவே இல்லை. ஜனவரி முழுக்க மழையும் சேறுமாகப் போனது. இருட்டை வெளுப்பாக்கித் தருவது பனிதான். அது இல்லாத குளிர்காலம் இன்னும் கறுப்பு. பனிச்சறுக்கும் சறுக்கு விளையாட்டும் பள்ளிப் பருவத்தின் பகுதியாக வளர்ந்த ஒரு மக்களுக்கு அது சின்ன இழப்பு அல்ல.

போக முடிகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பரைவிடப் பிப்ரவரி நல்லது: குளிர் அப்படியே இருக்கும், மாதக் கடைசியில் பகல் மட்டும் பத்து மணி நேரத்தை எட்டியிருக்கும், கடல் உறைந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். அடிப்பாகம் வழுக்காத காலணி, கம்பளி உள்ளாடை, காதை மூடும் தொப்பி இல்லாமல் கிளம்பாதீர்கள். கோட்டில் ஒளிரும் பிரதிபலிப்பு வில்லை ஒன்றைத் தொங்கவிடுங்கள். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்பது அங்கே சட்டம். தெருப்பணி நடக்கும்போது தடங்கள் மாறும். நிறுத்தத்துப் பலகையை ஒரு தடவை பாருங்கள். நகர் மையத்துக்கான ஏபி மண்டல டிக்கெட் 80 நிமிடம் செல்லும். சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு நாள் டிக்கெட்தான் கட்டும். அதே டிக்கெட்டில் சந்தைச் சதுக்கத்திலிருந்து சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் படகும் ஏறலாம்; பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஆண்டு முழுக்க ஓடுகிறது. ஒலிம்பியா முனையத்தில் 2-ம் எண்ணில் ஏறினால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஓட்டுநரிடம் டிக்கெட் கிடைக்காது. ஏறும் முன்பே செயலியிலோ இயந்திரத்திலோ வாங்கிவிடுங்கள்.